ஓடத்துக்குள் இறங்காத விளக்கு

மாப்பிள்ளை,

இன்று காலையில் வீட்டுக்குப் புது கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டு வந்தவர் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம். அழுகின முட்டைக்கோசு போல ஒரு வாசம் அடுப்படி முழுக்கப் பரவிவிட்டது. அவர் சாவகாசமாகத் திருகி மூடிவிட்டுச் சொன்னார்: "பயப்படாதீங்க. ஜன்னல மட்டும் தொறந்தா பத்தாதுங்க, கதவையும் தொறந்து விடுங்க. இது கனமான காத்து. மேல போகாது, தரையிலதான் படுத்துக் கெடக்கும்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கண் கலங்கிவிட்டது. தரையில் படுத்துக் கிடக்கும் காற்றைப் பற்றி எனக்கே பாடம் சொல்கிறார் பார், என்று உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ இல்லை என்பது இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரிகிறது.

அவர் போனதும் நான் மண்டி போட்டு, மாவாட்டும் கல்லுக்குப் பக்கத்தில் மூக்கைத் தரையோடு வைத்து மோந்து பார்த்தேன். உன் மகள் காவேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க மாமா, இந்த வயசுல இப்படி மோந்து பாக்கோணுங்களா? அக்கம்பக்கத்துல பாத்தா என்ன நெனப்பாங்க?"

"என்ன வேணா நெனைக்கட்டும் சாமி. நீ கதவத் தொற" என்றேன்.

அவளுக்கு அப்படியே உன் வாய். என் தங்கை பாவாயி வயிற்றில் அவள் இருந்தபோது நடந்த காரியத்தைத்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். அன்று வயிற்றில் இருந்தவள் இன்று என் மகனுக்குப் பெண்டாட்டியாகி இந்த வீட்டு அடுப்பை ஆள்கிறாள். கேஸ் அடுப்பு எங்களுக்கு வரும் முன்பே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இருந்திருந்தால் சிலிண்டரை எந்த மூலையில் வைப்பது என்று ஒரு பஞ்சாயத்தே கூட்டியிருப்பாய்.

மேட்டூரில் அணை எழும்பித் தண்ணீர் ஏறின காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். நம் ஊர் முழுகியது. நாங்கள் மேச்சேரிப் பக்கம் மேட்டு நிலத்துக்கு வந்தோம். உன் வீட்டாருக்கு அக்கரையில் கொஞ்சம் காடு இருந்ததால் நீங்கள் அங்கே போனீர்கள். நடுவில் இருந்த வயலும் தோப்பும் கோயிலும் தண்ணீருக்குள் போய்விட்டன. கடலைப் பார்க்காத நமக்கு அதுதான் கடல். கரையில் நின்று நீ கேட்டாய்: "இத்தன தண்ணி இவ்வளவு நாளா எங்க மச்சான் இருந்துச்சு?" இரண்டு பேரும் வாய் பிளந்து நின்றோம். ஊர் போன துக்கத்தைவிட அன்றைக்கு அந்தத் தண்ணீரின் பிரமிப்புதான் பெரிதாக இருந்தது. இதைப் பெரியவர்கள் முன்னால் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள்.

அணை வேலை முடிந்ததும் வேலைக்கு வைத்திருந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் கடப்பாரையும் இரும்புச் சட்டியும் எடுத்தார்கள். நீ பாய்மரம் வைத்த ஒரு சின்ன ஓடத்தை எடுத்துவிட்டு வந்து நின்றாய். "மேழி புடிச்ச கைக்குத் துடுப்பு புடிக்கத் தெரியாதா?" என்றாய். தெரியவில்லை. பாய் கட்டின முதல் நாள் நாம் சுற்றின சுற்றைப் பார்த்து, பரிசலில் மீன் பிடிக்கிறவர்கள் செக்கு மாடு என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் ரொம்ப நாள் போகவில்லை.

ஆனாலும் பிழைப்பு நடந்தது. அக்கரை ஊர்களுக்கு உப்பு, துணி, மண்ணெண்ணெய் கொண்டு போனோம். அங்கே காட்டில் மரம் எடுக்கிற காண்ட்ராக்டரின் லாரிக்குப் பெட்ரோல் டின் கொண்டு போனோம். காற்று விழுந்தால் நடு ஏரியில் அரை நாள் கிடக்க வேண்டியிருக்கும். அதனால் பித்தளையில் ஒரு பம்பு ஸ்டவ் வாங்கி ஓடத்திலேயே கஞ்சி காய்ச்சினோம். ஊரில் எவன் வீட்டிலும் ஸ்டவ் இல்லாத காலம் அது. நமக்கு இருந்த பவிசு கொஞ்சமா நஞ்சமா!

அந்தப் பெட்ரோலை எங்கே வைத்தோம் என்பதுதான் விஷயம்.

ஓடத்தின் நடுவில் மிதிபலகைகளைத் தூக்கினால் அடியில் இடுப்பளவு அறை ஒன்று இருந்தது. நீ எட்டிப் பார்த்துவிட்டுத் துள்ளினாய். "மச்சான், இது நம்ம குழியேதான்!"

நம் ஊரில் சோளமும் கம்பும் மண்ணுக்குள்தான் கிடக்கும். ஆழமாகக் குழி வெட்டி, சுற்றிலும் வைக்கோல் பிரி வைத்து, தானியத்தைக் கொட்டிக் கல்லால் வாயை மூடி மெழுகிவிடுவோம். எலி தொடாது, மழை தொடாது, திருடனும் தொட மாட்டான். எதையும் ஆழத்தில் வைத்து இறுக்க மூடினால் பத்திரம் என்பது நம் ரத்தத்தில் ஊறின புத்தி. அந்தப் புத்தியோடுதான் பெட்ரோல் டின்னை எல்லாம் ஓடத்தின் அடியில் அடுக்கினோம். மேலே பலகை, பலகை மேல் சாக்கு. வெயில் படாது, நனையாது, யார் கண்ணிலும் படாது என்று மெச்சிக்கொண்டோம். அடியில் பெட்ரோல், மேலே எரிகிற அடுப்பு, நடுவில் ஒரு பலகை. அந்த ஓடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம், மாப்பிள்ளை. காவேரி ஆத்தா நம் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

குழிக்கு இன்னொரு வழக்கம் உண்டு. மூடிக் கிடந்த குழிக்குள் கெட்ட காற்று சேரும். குழி மூச்சு என்போம். தெரியாமல் இறங்கினவன் சத்தமில்லாமல் சரிந்துவிடுவான். அதனால் திறக்கிற நாளில் முதலில் ஓர் அகல் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவோம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஆள் இறங்கலாம். படுத்துவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. உனக்கும் பாவாயிக்கும் கல்யாணம் பேசி முடித்த வருஷம் உங்கள் வீட்டுக் குழியைத் திறந்தார்கள். விளக்கு பாதி ஆழம் கூடப் போகவில்லை. யாரும் ஊதாமல், காற்றும் அடிக்காமல், சுடர் சுருங்கி ஒன்றுமில்லாமல் போயிற்று. நீதான் மெதுவாகச் சொன்னாய்: "நமக்குப் பதிலா அது செத்துருச்சு பாரு." அன்றிலிருந்து விளக்கு என்றால் எனக்குள் ஒரு பயபக்தி.

ஐப்பசி முடிகிற சமயம். ஏரி ததும்பிக் கிடந்தது. பாவாயிக்கு மாசம் நிறைந்திருந்தது. முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. இந்தத் தடவை கால் வீங்கி, முகமும் ஊதிவிட்டது. மருத்துவம் பார்க்கிற அம்மா பார்த்துவிட்டு, "இது என் கைக்கு அடங்காதுங்க. மேட்டூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் ஓடத்தில் கோரைப்பாய் விரித்து அவளைப் படுக்க வைத்தோம். காண்ட்ராக்டரின் லாரி எங்கோ முறிந்து நின்றுவிட்டதால் முந்தின நாள் கொண்டு வந்த பெட்ரோல் டின்களை யாரும் இறக்கிக்கொள்ளவில்லை. அடியிலேயே இருந்தன. இறக்கி வைக்க நேரமில்லை, பத்திரமாகத்தானே இருக்கிறது என்று கிளம்பிவிட்டோம்.

உச்சிப் பொழுதில் காற்று விழுந்துவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நமக்கு நேர் கீழே நம் ஊர். உங்கள் வீட்டுக் குழி, எங்கள் களம், கோயில் நந்தி எல்லாம் அந்தத் தண்ணீருக்கடியில் இருந்தன. மாற்றி மாற்றித் துடுப்புப் போட்டோம். கரை நகரவே இல்லை.

"தலை கிறுகிறுங்குதுங்க" என்றாள் பாவாயி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் என்று நினைத்தோம். கஞ்சி வைக்கச் சொன்னாய். நான் ஸ்டவ்வை எடுத்து வைத்துத் தீப்பெட்டியைத் தேடினேன். அதற்குள் அவள் ஓங்கரித்தாள். பலகை மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தவள் தலையைத் தூக்கிச் சொன்னாள்: "ஏனுங்க, கீழ இருந்து ஏதோ மூச்சு விடுதுங்க."

உன் முகம் மாறியது. "மச்சான், குழி மூச்சு! பலகையத் தூக்கு."

பெட்ரோல் வாசம் தெரியவில்லையா என்று பின்னாளில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சுமந்து சுமந்து நம் வேட்டியும் கையும் எப்போதும் அதே வாசம்தான். மூக்கு மரத்துப்போயிருந்தது. நமக்குத் தெரிந்ததெல்லாம் குழி. மூடிக் கிடந்தது, மேலே படுத்தவளுக்குக் கிறுகிறுப்பு. உடனே விளக்கு. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் அந்த யோசனை வந்திருக்காது. ஓடத்தின் முனையில் ஆத்தாவுக்கென்று வைத்திருந்த அகலை எடுத்தாய். அங்கேயே நின்று ஏற்றினாய். ஒரு கையில் அகல், மறு கையில் அதைக் கட்டி இறக்கக் கயிறு. நடுவுக்கு வந்து முழங்காலிட்டாய். நான் இரண்டு பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். பாவாயி நம் இருவருக்கும் நடுவில் இருந்தாள்.

விளக்கு படுக்கவில்லை, மாப்பிள்ளை. நிமிர்ந்தது.

நெல்மணி அளவில் இருந்த சுடர் மெல்ல எழுந்து விரல் நீளத்துக்கு நின்றது. அதைச் சுற்றி நீலமாக ஒரு ஓரம் கட்டியது. நடுப்பகல் வெயிலிலும் அந்த நீலம் தெரிந்தது. அதுபோல ஓர் அழகை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எமன் அப்படி அழகாக வருவான் என்று யார் நினைப்பார்கள்? நான் பலகையைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ ஊதவில்லை, உதறவில்லை, தூக்கி எறியவில்லை. அகலை மார்போடு இழுத்து, உள்ளங்கையால் பொத்தி மூடினாய். எண்ணெயும் திரியும் நெருப்புமாகச் சேர்த்து மூடினாய். உன் தோல் பொசுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளே சூடு முழுக்க ஆறும்வரை கையை எடுக்கவில்லை. அப்புறம்தான் என்னைப் பார்த்தாய்.

"குழியில வெளக்கு படுத்தா ஆபத்து. இங்க எந்திரிச்சா ஆபத்து. அடுப்பத் தொடாத மச்சான்."

எட்டிப் பார்த்தேன். ஒரு டின்னின் ஈயப்பற்று விட்டிருந்தது. அடியில் தேங்கின தண்ணீர் மேல் பெட்ரோல் மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. பாவாயியைத் தூக்கி முனையில், முகம் வெளியே இருக்கும்படி உட்கார வைத்தோம். ஸ்டவ்வும் தீப்பெட்டியும் முனையிலேயே அவள் மடிக்குப் போயின. ஒழுகின டின்னைக் கயிறு கட்டி ஓடத்துக்கு வெளியே தொங்கவிட்டோம். நான் தகர வாளியை எடுத்தேன். நீ தட்டிவிட்டாய். "இரும்போட இரும்பு ஒரசுனா பொறி பறக்காதா? சொரக்குடுக்கைய எடு." காய்ந்த சுரைக்குடுக்கையால் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். தண்ணீர் தீர்ந்தும் நீ நிறுத்தவில்லை. தானியம் புடைக்கிற முறத்தை எடுத்துக் காற்றை அள்ளிக் கொட்ட ஆரம்பித்தாய். "இது மேல வராது மச்சான். தண்ணியாட்டம் அடியில படுத்துக் கெடக்குது. அள்ளித்தான் கொட்டோணும்." வெந்த கையோடு வெறுங்காற்றை வாரி வாரி ஏரியில் கொட்டினாய். எனக்கும் வேறு வழி தெரியாமல் ஒரு சாக்கைப் பிடித்து உதறினேன்.

இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் ஒரு பரிசல்காரர் நம்மை நோக்கி வந்தார். "ஏனுங்க செக்கு மாடு, காத்தயா அள்ளிக் கொட்டறீங்க? ஒத்தாசைக்கு வாரேன் இருங்க" என்று சிரித்தார். வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது. நீ நிமிர்ந்து நின்று கும்பிட்டாய்.

"கிட்ட வராதீங்க! ஊட்டுக்காரிக்கு ஆத்தா எறங்கியிருக்குது!"

அம்மை என்றதும் அவர் பரிசலை நிறுத்தினார். முகம் வீங்கி உட்கார்ந்திருந்த பாவாயியைப் பார்த்தார். "தாயே, மாரியாத்தா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வந்ததைவிட வேகமாகப் போனார். அத்தனை நோவிலும் பாவாயி கேட்டாள்: "ஏனுங்க, வாயில வேற பொய்யே வல்லீங்களா?" நீ சொன்னாய்: "பீடி குடிக்கறவருக்குப் பெட்ரோல் கதை சொல்லி முடிக்கறதுக்குள்ள நம்ம கதை முடிஞ்சிருமே." நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

பொழுது சாய மேற்கிலிருந்து காற்று எழுந்தது. பாயின் கீழ் ஓரத்தைத் திறந்த அறைக்குள் இறக்கிக் கட்டி, காற்று அடிவரைக்கும் போய் வரும்படி செய்தாய். அது உனக்கு எப்படித் தோன்றியதோ! கரை சேர்ந்தோம். மறுநாள் காவேரி பிறந்தாள். கட்டுப் போட்ட கையில் நீ அவளை வாங்கினபோது, நர்ஸம்மா "அந்தக் கையில வேண்டாங்க, வலிக்கும்" என்றார்கள். "இந்தக் கைதான் இவளுக்குச் சொந்தம்" என்றாய். அது ஏன் என்று நர்ஸம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் பாவாயிக்கும் தெரியும்.

அப்புறம் நாம் ஓடத்தையே தலைகீழாக மாற்றிவிட்டோம். பெட்ரோல் அடியில் போகவே இல்லை. பின்முனையில் திறந்த மரப்பெட்டி, அதன் அடிப்பலகையில் துளை, துளையிலிருந்து மூங்கில் குழாய் வெளியே தண்ணீருக்கு. ஒழுகினாலும் ஓடத்துக்குள் தங்காது. டின் உருளாமல் கட்டு, மேலே ஈரச்சாக்கு. ஸ்டவ் முன்முனையில் மணல் தட்டில் உட்கார்ந்தது. அதற்கு எண்ணெய் ஊற்றுவது கரையில் மட்டும்தான். தீக்குச்சி கிழிப்பதற்கு முன் யாராக இருந்தாலும் மண்டி போட்டு அடிப்பலகையை மோந்து பார்க்க வேண்டும். ஒருநாள் தாசில்தாரே ஏறினார். சுருட்டை எடுத்தார். "மொதல்ல மண்டி போடுங்க சாமி" என்றாய். அவரும் போட்டார்!

ஊதி அணைக்காமல் ஏன் கையால் பொத்தினாய் என்று ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். "ஊதுனா சுடர் சாயும். எந்தப் பக்கம் சாயும்னு யாருக்குத் தெரியும்?" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "அதுவுமில்லாம, புள்ளத்தாச்சி முன்னால வெளக்க ஊதுவாங்களா?" என்றும் சொன்னாய். இரண்டில் எது நிஜமான காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அத்தனை சின்ன நேரத்தில் ஒரு மனுஷன் இரண்டையும் நினைத்திருக்க முடியுமா? நீ நினைத்திருப்பாய் என்றே தோன்றுகிறது. உன்னைப் பற்றி எனக்கிருந்த பிரமிப்பை நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கேலி பண்ணியே என்னைக் கொன்றிருப்பாய்.

உன் உள்ளங்கையில் அந்த அகலின் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது. பிள்ளைகள் கேட்டால், ஆத்தா வைத்த முத்திரை என்பாய். கடைசியாக உன்னை எடுக்கும்முன் பாவாயி அந்தக் கையை விரித்து அந்த வட்டத்தைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். எல்லோரும் அழுதார்கள். நான் மட்டும் அழவில்லை. அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானச் சமையலுக்கு நேரமாயிற்று. கதவும் ஜன்னலும் திறந்தே கிடந்தன. காவேரி அடுப்பு முன்னால் நின்று, கிண்டலாகத்தான் கேட்டாள்; ஆனாலும் கேட்காமல் தீக்குச்சியை எடுக்கவில்லை. "மாமா, மோந்து பாத்தாச்சுங்களா? பத்த வைக்கட்டுங்களா?"

இன்னொரு தடவை குனிந்து மோந்தேன். வெறும் தரை வாசம்தான்.

"பத்த வை சாமி" என்றேன்.

குச்சி கிழித்தாள். அடுப்பு பற்றியது. வட்டமாக, சத்தமில்லாமல், நீலமாக எழுந்து நின்றது. அன்றைக்கு அவள் பிறக்குமுன் அவளைத் தேடி வந்த அதே நீலம். இன்று அவள் சொன்னபடி கேட்டுக்கொண்டு சோறு வேக வைக்கிறது. அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே ஏதோ பேசினாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

கீழே பார்த்தேன். என் வலது கை, உள்ளங்கை வலிக்கிற அளவுக்கு, தானாகவே இறுக மூடியிருந்தது.